போல்ட் போட்ட டப் இருக்கா?

வாஷிங் மெஷின் ஸ்பின்னுக்குப் போனதும் வீட்டில் பேச்சு நின்றுவிடும். பேசினாலும் யாருக்கும் கேட்காது. கிரைண்டரில் அரிசி போடாமல் வெறும் கல்லை ஓடவிட்டால் ஒரு சத்தம் வருமே, அதைப் போல நாலு மடங்கு. "டீச்சர், பாப்பா தூங்குற நேரம் பாத்து துணி போடறீங்களோ?" என்று பக்கத்து வீட்டில் சிரித்துக்கொண்டே கேட்ட பிறகுதான் மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டேன்.

எங்களுக்குக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கேரளாதான், ஆனால் ரேஷன் கடை வரிசையிலிருந்து மாரியம்மன் நோம்பி வரைக்கும் தமிழ். நான் வேலை பார்ப்பது தமிழ் மீடியம் பள்ளிக்கூடத்தில். பாலக்காடும் கோவையும் பஸ்ஸில் ஏறத்தாழ ஒரே நேரம்தான் பிடிக்கும். தாலுகா ஆபீசுக்குச் சித்தூர், துணிக்கும் நகைக்கும் மெஷினுக்கும் கோவை என்பது இங்கே எழுதாத ஏற்பாடு.

அண்ணன் வந்தார். கொண்டுவந்த பையைக்கூடத் திறக்கவில்லை. மெஷின் கதவைத் திறந்து, டிரம்மின் மேல் விளிம்பை உள்ளிருந்து பிடித்து மேலே தூக்கினார். டக். விட்டார். டக்.

"கேட்டுதா டீச்சரே? அச்சைத் தாங்குற பேரிங் தீந்துபோச்சு. நல்ல மெஷின்ல இப்படித் தூக்குனா டிரம்மும் அதைச் சுத்தி இருக்கிற டப்பும் ஒண்ணாத்தான் ஆடும். இது டிரம் மட்டும் தனியா ஆடுது."

இந்தச் சோதனையை நீங்களும் செய்து பார்க்கலாம். செலவே இல்லை. பழைய மெஷின் வாங்கப் போகிறவர்கள் கட்டாயம் செய்ய வேண்டியது.

கம்பெனி சர்வீசுக்குப் போன் அடித்தேன். அங்கே ஒரு நாடகம். பின்கோடு கேட்டார்கள். 678 என்று ஆரம்பித்ததுமே, "மேடம், அது கேரளா, நாங்க கோயம்புத்தூர் பார்க்கிறோம்" என்றார்கள். பாலக்காட்டில் கேட்டால், "பில்லு தமிழ்நாட்டு பில்லாணல்லோ" என்று ஒரு இழுப்பு. பதினோரு நாள் கழித்து ஒரு பையன் வந்து போனில் படம் எடுத்தான். டப் அசெம்பிளி முழுசாக மாற்ற வேண்டும், 14,800 ரூபாய், லேபர் தனி என்றான். மெஷினே 32,000க்கு வாங்கியது. பேரிங்தானே போயிருக்கிறது, எதற்கு டப் என்று கேட்டேன். "இது சீல்டு டப் மேடம், திறக்க முடியாது."

அன்றைக்குத்தான் அந்த வார்த்தையை முதன்முதலில் கேட்டேன். ஃபிரன்ட் லோடு மெஷினுக்குள் துணி சுற்றுகிற ஸ்டீல் டிரம் ஒன்று, அதைச் சுற்றித் தண்ணீர் நிற்கிற பிளாஸ்டிக் டப் ஒன்று. அந்த டப் தேங்காயை உடைத்த மாதிரி இரண்டு பாதி. முன்பெல்லாம் சுற்றிலும் போல்ட் போட்டு இரண்டையும் சேர்த்திருப்பார்கள். கழற்றி, பேரிங் மாற்றி, புது ரப்பர் வைத்து மறுபடி முறுக்கிவிடலாம். இப்போது நிறைய மாடல்களில் இரண்டு பாதியையும் உருக்கி ஒட்டிவிடுகிறார்கள். ஒழுகாது, தயாரிப்புச் செலவும் குறைவு. ஆனால் உள்ளே எது போனாலும் முழு உருண்டையையும் மாற்ற வேண்டும்.

அண்ணனிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார். "அறுத்துப் பாக்கட்டா? கேரண்டி கிடையாது. ஆனா உள்ள என்னன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை, வாசல் களத்தில் சாக்கு விரித்து வேலை நடந்தது. சுற்றிலும் சாக்பீஸால் கோடு போட்டு, ஆக்சா பிளேடை வெறும் கையில் பிடித்து ஒன்றரை மணி நேரம் அறுத்தார். பிற்பாடு போல்ட் போட்டு, சிலிக்கான் தடவி மூடத் தோதாக முன்கூட்டியே துளை போட்டுக்கொண்டார். கடைசி ஒரு சாண் இருக்கும்போதே நாற்றம் வந்துவிட்டது. பிரித்ததும் அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். ஐந்து வருஷத்து அழுக்கு கறுப்புக் கூழாக ஒட்டிக் கிடந்தது. ஒரு ஊக்கு, என் மகனின் சட்டைப் பித்தான், ஐந்து ரூபாய்க் காசு ஒன்று. டப்பின் சுவரெல்லாம் வென்னீர்ப் பாத்திரத்தின் அடியில் படியுமே, அந்த வெள்ளைப் பொருக்கு.

டிரம்மின் முதுகில் மூன்று கை விரித்த மாதிரி ஒரு அலுமினிய வார்ப்பு இருக்கிறது. ஸ்பைடர் என்கிறார்கள். அந்த மூன்று கைதான் டிரம்மைத் தாங்கி அச்சோடு சேர்க்கிறது. அண்ணன் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கையைக் குத்தினார். சொத்தைப் பல் மாதிரி உள்ளே இறங்கியது. சாம்பலும் வெள்ளையும் கலந்த பொடி உதிர்ந்தது. ஸ்டீலும் அலுமினியமும் தொட்டுக்கொண்டு நிற்கிற இடத்தில் உப்புத் தண்ணீரும் சோப்பும் சேர்ந்தால் அலுமினியம்தான் முதலில் அரிக்கும். பேட்டரி பாடம் நடத்துகிற டீச்சர்களுக்கு இது தெரியாததில்லை. தன் வீட்டு மெஷினுக்குள் ஒரு பேட்டரி ஓடிக்கொண்டிருக்கும் என்றுதான் யாரும் நினைப்பதில்லை.

பேரிங்கை மண்ணெண்ணெயில் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார். எண் தெரிந்தது. ஒன்று 6205, இன்னொன்று 6206.

"இதப் பாருங்க டீச்சரே. இது கோயமுத்தூர்ல எந்த பேரிங் கடையில கேட்டாலும் எடுத்துக் குடுப்பான். மோட்டார் பம்புக்குப் போடற சைஸ். ரெண்டும் சேந்து ஆயிரத்துக்குள்ள. தண்ணிய மறிக்கிற ரப்பர், ஆயில் சீலு, அதுவும் அளவு சொன்னா கிடைக்கும். ஆனா இந்த அலுமினியம் இருக்கே, இது ஒரு கடையிலயும் கிடைக்காது. கம்பெனிக்காரன்தான் தரணும். அவன் தனியாத் தர மாட்டான், டிரம்மோட சேத்துத்தான்."

பம்ப்செட்டுக்குப் பேர் போன கோவை இத்தனை பக்கத்தில் இருப்பது எங்களுக்கு ஒரு வரம். பேரிங், கெப்பாசிட்டர், ஆயில் சீல், பெல்ட் என்று உலகம் முழுக்க ஒரே அளவில் வருகிற எதுவும் அங்கே கிடைக்காமல் போகாது. என் மெஷினைக் கொன்றது அப்படி வராத ஒரே ஒரு பாகம். காயலான் கடைக்காரர் 1,100 ரூபாய் கொடுத்தார். டிரம்மை மட்டும் அத்தை விடவில்லை. இப்போது அதில் உரிமட்டையோடு தேங்காய் கிடக்கிறது, காற்றோட்டமாக.

இந்த இடத்தில் ஒரு அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த மெஷினை 2019 ஓணத்தின்போது கோவையில் வாங்கியதற்குக் காரணம் வெள்ள செஸ். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் 2019 ஆகஸ்ட் 1 முதல் இரண்டு வருஷத்துக்கு ஒரு சதவீதம் கூடுதலாகப் பிடித்தார்கள். எல்லை தாண்டி வாங்கினால் அது கிடையாது. கணக்குப் போட்டால் நான் மிச்சம் பிடித்தது 270 ரூபாய் சுமார். வெள்ளத்தில் வீடு போனவர்களுக்குப் போக வேண்டிய பணம் வேறு. சர்வீஸுக்கு அலைந்த போன் செலவும் பஸ் செலவும் அதற்கு மேலேயே போயிருக்கும்.

எல்லைப்புறத்தில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருள் எங்கே வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கோவையில் வாங்கிய மெஷினுக்குப் பாலக்காட்டில் வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பார்க்கலாம். என் மெஷினுக்கு வாரண்ட்டி எப்போதோ முடிந்துவிட்டதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

அடுத்தது என்ன வாங்குவது? வீட்டில் ஆளுக்கொரு கட்சி. அத்தையின் கட்சி செமி ஆட்டோமேட்டிக். அவருடையது 2007ல் வாங்கியது, பின்கட்டில் இன்றைக்கும் ஓடுகிறது. இரண்டு தடவை டைமர், ஒரு பெல்ட், ஸ்பின் பக்கத்துக் கெப்பாசிட்டர் ஒன்று, பிரேக் ஒயர் ஒன்று. இத்தனை வருஷத்தில் இவ்வளவுதான். டைமர் என்றால் வேறொன்றுமில்லை, கடிகாரம் மாதிரி சாவி கொடுத்துத் திருகுகிற சமாச்சாரம். டிக்டிக் என்று ஓடி முடிந்ததும் பஸ்ஸர் அடிக்கும். சிப் கிடையாது, எலக்ட்ரானிக் போர்டு கிடையாது. மோட்டார் உம்மென்று முனகிவிட்டுச் சுற்றாமல் நின்றால் பாதி நேரம் கெப்பாசிட்டர்தான். அண்ணன் அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். பாடியும் பிளாஸ்டிக், துருப்பிடிக்க வழியில்லை.

"அப்ப அதையே வாங்கிடலாமா அண்ணா?" என்று கேட்டேன்.

"என் வீட்டுல அதான் இருக்கு. ஆனா உங்களுக்கு ஆகாது. காலையில எட்டே காலுக்கு பஸ் பிடிக்கிறவங்க பக்கத்துல நின்னு துணியை இங்கிருந்து அங்க மாத்திட்டு இருக்க முடியுமா?"

நியாயம்தான். ரிப்பேருக்கு எளிது என்பதற்காக என் காலைப் பொழுதை அதற்கு எழுதிக்கொடுக்க முடியாது. பழுதானால் செலவாகும் பணத்தை மட்டும் பார்க்கிறோம், பழுதாகாமல் ஓடும்போது செலவாகிற நம் நேரத்தைப் பார்ப்பதில்லை. பெரும்பாலும் அது பெண்களின் நேரம் என்பதால் யாரும் கணக்கில் சேர்ப்பதும் இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் 2021 தேர்தலில் வீட்டுக்கொரு வாஷிங் மெஷின் தருவோம் என்று அதிமுக அறிக்கையில் சொன்னபோது நிறையப் பேர் கேலி செய்தார்கள். ஆட்சியும் வரவில்லை, மெஷினும் வரவில்லை. ஆனால் அன்று சிரித்தவர்களில் துணி துவைக்கிறவர்கள் எத்தனை பேர் என்று எனக்கு அப்போதே சந்தேகம்.

வீட்டுக்காரரின் கட்சி மறுபடியும் ஃபிரன்ட் லோடு. தண்ணீர் குறைவு, துணி நோகாது. உண்மைதான், டாப் லோடு குடிக்கிற தண்ணீரில் பாதி போதும். பாலக்காடு டவுனில், மலம்புழா தண்ணீர் வருகிற வீட்டில் இருந்தால் நானும் அதைத்தான் வாங்குவேன். இங்கே கதை வேறு. மழை மறைவுப் பகுதி, கிணறு பாதி நாள் வறண்டிருக்கும், மீதி எல்லாம் போர் தண்ணீர். 2002ல் தண்ணீருக்காகப் பிளாச்சிமடையில் கோக்கோ கோலா ஆலைக்கு எதிராகப் பந்தல் போட்டு உட்கார்ந்தார்களே, அதே சித்தூர் தாலுகாதான் இது. ஆழியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் வருகிற மாதங்களில் கிணறு கொஞ்சம் ஊறும், தண்ணீரின் கடினமும் கொஞ்சம் குறையும். மற்ற நாளில் குளித்தால் தலைமுடி கயிறாகிவிடும்.

எங்கள் பள்ளிக் கெமிஸ்ட்ரி டீச்சரிடம் ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்துக் கடினத்தன்மை பார்க்கச் சொன்னேன். லேபில் பிள்ளைகள் செய்கிற அதே டைட்ரேஷன். லிட்டருக்கு 480 மில்லிகிராம் வந்தது. குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயத்தில் 200 வரை நல்லது, வேறு தண்ணீரே இல்லையென்றால் 600 வரை பரவாயில்லை. டிடிஎஸ் மீட்டரைத் தண்ணீரில் விட்டுக் கடைக்காரர் காட்டுகிற எண் இது இல்லை. அது கரைந்த உப்பு எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும், சுண்ணாம்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. மெஷினைக் கொல்வது சுண்ணாம்பு. அதுவும் தண்ணீரைச் சூடாக்கினால்தான் மளமளவென்று படியும். அதாவது ஹீட்டர் வைத்த மெஷினில் ஹீட்டரைச் சுற்றி முதலில், பிறகு டப், பிறகு ஆயில் சீல் ஓரம். சீல் விட்டால் தண்ணீர் பேரிங்குக்குள் போகும். அன்றைக்குக் களத்தில் பார்த்தது இந்த வரிசையின் கடைசிக் காட்சி.

ஆக, ஹீட்டர் இல்லாத டாப் லோடு என்று முடிவானது. அதற்கும் வியாதி உண்டு. நடுவில் இருக்கிற கியர் செட் தேயும், டப்பைத் தொங்கவிடுகிற நாலு ராடு தளரும், அழுக்குத் தண்ணீரை வெளியே விடுகிற டிரெய்ன் மோட்டார் போகும், உள்ளே தண்ணீர் விடுகிற வால்வு அடைக்கும். ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கழன்று வரும். மெஷினைச் சாய்த்துவைத்து ஸ்பேனர் போட்டால் வேலை முடிந்தது, பிளேடு எடுத்து அறுக்க வேண்டியதில்லை.

கோவை ஷோரூமில் கேட்க அண்ணன் எனக்கு நாலு கேள்வி சொல்லிக்கொடுத்திருந்தார். விற்பனைப் பையன் பத்து வருஷ மோட்டார் வாரண்ட்டியில் ஆரம்பித்தான். நான், "தம்பி, மோட்டார் அவ்வளவு சீக்கிரம் போகாதாமே. போர்டுக்கு எத்தனை வருஷம்?" என்றேன். இரண்டு. "கியர் செட்?" இரண்டு. "மோட்டார் மாத்த வர்ற ஆளுக்குக் கூலி?" அது தனி. பத்து என்கிற எண்ணை ஸ்டிக்கரில் எவ்வளவு பெரிசாகப் போட்டிருக்கிறார்களோ, அவ்வளவுக்கு அது போகாத பாகத்தைப் பற்றியது. பக்கத்தில் ஃபிரன்ட் லோடு பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவுக்காகவும் கேட்டேன், "இதுல டப் போல்ட் போட்டதா, ஒட்டினதா?" பையன் என்னைப் பார்த்தான், மேனேஜரைப் பார்த்தான். மேனேஜர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். யாருக்கும் தெரியவில்லை.

இது தெரிந்துகொள்ள முடியாத ரகசியம் ஒன்றும் இல்லை. ஐரோப்பாவில் 2021 மார்ச் 1 முதல் சட்டமே இருக்கிறது. ஒரு மாடலை விற்பதை நிறுத்திய பிறகும் பத்து வருஷத்துக்கு உதிரி பாகம் வைத்திருக்க வேண்டும், கேட்டால் 15 வேலை நாளில் கொடுக்க வேண்டும், சாதாரணக் கருவியால் மாற்ற முடிய வேண்டும். பட்டியலில் டிரம், ஸ்பைடர், பேரிங் மூன்றும் பெயரோடு உண்டு. படித்தபோது என் பழைய மெஷினுக்காகவே எழுதின மாதிரி சந்தோஷப்பட்டேன். அடுத்த வரியில் "தனித்தனியாகவோ சேர்த்தோ" என்று இருந்தது. சேர்த்து என்றால் அதே முழு உருண்டைதான். பிரான்சில் அதே வருஷம் ஜனவரியிலிருந்து ஃபிரன்ட் லோடு மெஷின்களில் விலைக்குப் பக்கத்திலேயே பத்துக்கு இத்தனை என்று ரிப்பேர் மார்க் ஒட்ட வைத்தார்கள். எப்படிப் பிரிப்பது, பாகம் கிடைக்குமா, பாகத்தின் விலை என்ன என்று பார்த்துப் போடுகிற மார்க். நம் நாட்டிலும் 2022ல் ரிப்பேர் உரிமைக்கு ஒரு குழு போட்டு, டிசம்பரில் ஒரு இணையதளமும் தொடங்கினார்கள். வீட்டு உபயோகப் பொருட்களும் அதில் சேர்த்திதான். ஆனால் ஷோரூமில் நின்ற அன்றைக்கு ஸ்டிக்கரில் எனக்குக் கிடைத்தது மின்சாரத்துக்கான நட்சத்திரம் மட்டும்தான், ரிப்பேருக்கு ஒன்றுமில்லை.

வாங்கியது ஏழு கிலோ. ஏழு நிறுவனத்தைப் பார்த்தோம் என்று பெருமைப்பட ஒன்றுமில்லை, கொழிஞ்சாம்பாறையில் எதற்குப் பாகம் கிடைக்கிறதோ அதை வாங்கினோம். இந்தத் தடவை கடையும் பாலக்காட்டுக் கடை. அண்ணன் தன் கடையில் கழற்றிப்போட்ட பழைய மெஷின்கள் எந்த நிறுவனத்துடையவை என்று காட்டினார். எது நிறையக் கிடக்கிறதோ அதுதான் மோசம் என்று நான் நினைத்தேன். "இல்ல டீச்சரே, அதான் ஊருல நிறைய வித்தது. அதுக்குத்தான் பாகமும் கிடைக்கும், பழசுல இருந்து கழட்டியும் போடலாம். ஒண்ணே ஒண்ணு கிடக்குதே, அதை வாங்காதீங்க."

போர்டு ஒன்றுதான் இதில் எனக்குப் பயம். ஈரம் படாமல் இருக்க அதன்மேல் பசை மாதிரி ஊற்றி உறையவைத்திருக்கிறார்கள். நல்லதுதான், ஆனால் உள்ளே ஒரு சின்னப் பாகம் கருகினால் சுரண்டி எடுப்பது பெரும்பாடு. ஐப்பசியில், மலையாளத்தில் துலாவர்ஷம் என்கிறார்களே, அந்த நாட்களில் மத்தியானத்துக்கு மேல் இடி பிளக்கும். ஸ்டெபிலைசர் வோல்ட்டேஜ் ஏற்ற இறக்கத்துக்குத்தான், இடிக்கு அது காவல் இல்லை. பிளக்கைப் பிடுங்கிவைப்பது ஒன்றே வழி. எலி நுழையாமல் மெஷினுக்கு அடியில் வலை அடித்தாயிற்று. அடியில் அப்படி மறைப்பு இல்லாத மெஷினில் எலி ஒயரைக் கடித்து வைத்தால் வாரண்ட்டியில் சேராது என்று அட்டையிலேயே போட்டிருந்தது. மாதம் ஒரு தடவை துணி போடாமல், சிட்ரிக் ஆசிட் கரைத்து ஊற்றி ஒரு ஓட்டு ஓடவிடுகிறேன். கடைசி அலசல் தண்ணீர் குழாய் வழியாகத் தென்னை வட்டப்பாத்திக்குப் போகிறது, டாப் லோடு குடிக்கிற தண்ணீருக்கு என்னால் முடிந்த பரிகாரம்.

பதினாலாவது மாதம் மெஷின் நின்றது. தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தது, பிறகு எர்ரர் காட்டியது. மொட்டை மாடி டேங்க் நிறைய இருந்தது. மேனுவலில் 0.3 பார் அழுத்தம் என்று போட்டிருந்தார்கள், அதாவது தண்ணீர் மட்டம் குழாயைவிட மூன்று மீட்டர் உயரத்தில் இருந்தால் போதும். அது இருக்கிறது. அண்ணன் கல்யாண வீட்டில் இருந்தார், பின்னால் நாதஸ்வரம்.

"பிளையர் இருக்கா டீச்சரே? குழாயை மூடுங்க. பின்னாடி ஹோஸைக் கழட்டுங்க. வால்வு வாயில சின்னதா ஒரு சல்லடை தெரியும், நடுவுல ஒரு மூக்கு இருக்கும். அதைப் புடிச்சு நேரா இழுங்க, திருகாதீங்க."

இழுத்தேன். சுண்டுவிரல் நகம் அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் வலை. போர் மணலும் சுண்ணாம்பும் அடைத்து ஊசி நுழைய இடமில்லை. ஒரு டம்ளரில் சிட்ரிக் ஆசிட் கரைத்து அதைப் போட்டதும் ஈனோ மாதிரி பொங்கியது. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, மாட்டி, குழாயைத் திறந்தேன். டப்பில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது.

பின்கட்டிலிருந்து அத்தை குரல் கொடுத்தார். "சரியாயிருச்சா? அப்ப இந்தப் போர்வையையும் அதுலயே போட்டுரு கண்ணு, என்னோடதுல புடிக்காது."